காவல் வைத்த கதை: ஜாவாஸ்கிரிப்டில் பண்பு மாற்றத்தைக் கண்காணித்த வரலாறு



கணினி மொழிகளின் வரலாற்றை எழுதுவோர், ஒரு மொழியை யார் படைத்தார், எந்த ஆண்டில் படைத்தார் என்று கூறிவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிடுவது வழக்கம். ஒரு மொழிக்குள் ஒரு வசதி எவ்வாறு பிறந்தது, அதனை எவ்வாறு சோதித்தனர், பின்னர் ஏன் அதனைக் கைவிட்டனர் என்பவற்றை எழுதுவோர் குறைவு. ஆயினும், கணினித் துறைக்குள் நுழைய விரும்பும் நம் மாணவர்களுக்கு அந்த வரலாறே கூடுதலாகப் பயன்படும் என்பது என் எண்ணம். அதனால் ஒரே ஒரு வசதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் ஏறத்தாழ முப்பதாண்டுக் கதையை இங்கே தொகுத்துத் தருகின்றேன்.

முதலில் சில சொற்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் தரவுகளைப் 'பொருள்' என்னும் கட்டுக்குள் வைப்பார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் 'பண்புகள்' உண்டு. ஒவ்வொரு பண்புக்கும் ஒரு மதிப்பு உண்டு. மாணவர் ஒருவரைக் குறிக்கும் பொருளில் பெயர், வகுப்பு, மதிப்பெண் ஆகியவை பண்புகள். மதிப்பெண் 60 என்பது 75 ஆக மாறினால், திரையில் தெரியும் பட்டியலும் மாற வேண்டும். வகுப்பின் சராசரியும் மாற வேண்டும். அந்த மாற்றத்தைப் பட்டியலுக்கும் சராசரிக்கும் யார் தெரிவிப்பது? இவ்வினாவே நம் கட்டுரையின் கரு.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. மாற்றம் செய்தவரே அனைவருக்கும் சொல்லலாம். மறந்துவிட்டால் தவறு நேரும். ஒருவர் அடிக்கடி வந்து பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாற்றமே இல்லாத நேரத்திலும் அவர் உழைக்க வேண்டும். மூன்றாவதாக, நிரலை இயக்கும் பொறியே பண்புக்குக் காவல் நின்று, மாற்றம் நேரும்போது குரல் கொடுக்கலாம். கேட்பதற்கு மூன்றாம் வழியே சிறந்ததாகத் தோன்றும். அவ்வழியை மேற்கொண்டவர்கள் அடைந்த பட்டறிவு என்ன என்பதைக் காண்போம்.

1. முதற்காவல்

பிரெண்டன் ஐக் 1995ஆம் ஆண்டு மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில், பத்தே நாள்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். மோக்கா என்றும் லைவ்ஸ்கிரிப்ட் என்றும் பெயர் பெற்றிருந்த அம்மொழி, அவ்வாண்டு டிசம்பரில் இன்றைய பெயரைப் பெற்றது. 1997ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எக்மா அமைப்பு, 262 என்னும் எண்ணிட்ட தரநிலையாக அதனை வெளியிட்டது.

அதே 1997ஆம் ஆண்டில், நெட்ஸ்கேப் 4 உலாவியுடன் ஜாவாஸ்கிரிப்ட் 1.2 வந்தது. அதில் 'வாட்ச்' என்றொரு வசதி இருந்தது. ஒரு பொருளின் பண்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதனுடன் ஒரு செயற்கூற்றைக் கொடுத்துவிட்டால் போதும். அதன் பிறகு யார் அப்பண்புக்கு மதிப்பை அளித்தாலும் அச்செயற்கூறு அழைக்கப்படும். பண்பின் பெயர், பழைய மதிப்பு, புதிய மதிப்பு ஆகிய மூன்றும் அதனிடம் ஒப்படைக்கப்படும். அது திருப்பித் தரும் மதிப்பே இறுதியில் பண்பில் பதியும். காவலை நீக்குவதற்கு 'அன்வாட்ச்' என்னும் துணை வசதியும் இருந்தது.

இங்கே ஒன்றை உற்றுநோக்க வேண்டும். இக்காவலர் வெறும் பார்வையாளர் அல்லர். வருகின்ற மதிப்பைத் திருத்தும் உரிமையும் அவருக்கு உண்டு. இது முதன்மையாக வழுநீக்கத்திற்காக, அதாவது 'இந்த மதிப்பை எந்த வரி கெடுத்தது?' என்று கண்டுபிடிப்பதற்காக, ஏற்படுத்தப்பட்ட வசதி. எக்மா தரநிலையில் அது ஒருபோதும் இடம்பெறவில்லை. நெட்ஸ்கேப்பின் மூலநிரல் 1998ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் பொதுவில் வெளியிடப்பட்ட பிறகு, ஸ்பைடர்மங்கி என்னும் இயக்குபொறியின் வழியாக அது மோசில்லாவுக்கும், பின்னர் ஃபயர்பாக்ஸுக்கும் வந்து சேர்ந்தது. பிற உலாவிகள் அதனை ஏற்கவில்லை. மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் பக்கத்தின் உறுப்புகளுக்கு மட்டும் பண்பு மாற்றத்தை அறிவிக்கும் வேறொரு நிகழ்வு இருந்தது. அதுவும் அவ்வுலாவியின் 11ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது.

2. சோதனைகள் கேட்ட வினாக்கள்

ஸ்பைடர்மங்கியுடன் ஒரு பெரும் சோதனைத் தொகுப்பும் வளர்ந்தது. அதன் கோப்புறைகள் தரநிலையின் பதிப்புகளையும் மொழியின் பதிப்புகளையும் பெயராகக் கொண்டிருந்தன. தரநிலைக்குப் புறம்பான வசதிகளுக்கு 'நீட்சிகள்' என்று தனிக் கோப்புறை உண்டு. ஒரு வழு திருத்தப்பட்டதும், அவ்வழுவின் எண்ணையே பெயராகக் கொண்டு ஒரு சிறு சோதனைக் கோப்பு எழுதி வைப்பார்கள். எதிர்பார்த்த விடை ஒரு பக்கம், கிடைத்த விடை மறுபக்கம். இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தினால் தேர்ச்சி, பொருந்தாவிட்டால் தோல்வி. தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு இம்முறை நன்கு பழக்கமானதே.

'வாட்ச்' போன்ற ஒரு வசதிக்கு எத்தகைய வினாக்களைக் கேட்க வேண்டும்? மதிப்பு மாறும்போது காவலர் அழைக்கப்படுகின்றாரா என்பது தொடக்க வினா. அதனைக் கடந்து உள்ளே சென்றால் வினாக்கள் கடினமாகின்றன.

பண்பையே அழித்துவிட்டால் காவல் நீடிக்குமா? நீடிக்கும் என்பதே 'வாட்ச்' வசதியின் விதி. ஒரு பண்பின் மதிப்பு 1. அதற்குக் காவல் வைக்கின்றோம். 2 என்றும் பின்னர் 3 என்றும் மாற்றினால் இரு அறிவிப்புகள் வரும். அதன்பின் பண்பை அழித்துவிட்டு 4 என்று புதிதாக எழுதினால், 'வரையறுக்கப்படாத நிலையிலிருந்து 4' என மூன்றாம் அறிவிப்பு வரும். அழித்த செயலுக்கு மட்டும் அறிவிப்பே இல்லை. பண்பு மறைந்த செய்தியைக் காவலர் அடுத்த மதிப்பு வரும்போதுதான் அறிந்துகொள்கின்றார். இதனை நூலில் படித்தால் எளிதில் கடந்துவிடுவோம். சோதனையாக எழுதும்போதுதான் அதன் விந்தை புலப்படும்.

காவல் செயற்கூறு, தான் இயங்கிக்கொண்டிருக்கும்போதே தன் காவலை நீக்கிக்கொண்டால் என்ன ஆகும்? அதே பண்புக்கு மீண்டும் மதிப்பை அளித்தால் முடிவில்லாச் சுழலில் சிக்குமா? அந்நேரத்தில் குப்பை சேகரிப்பு, அதாவது பயனற்ற நினைவகத்தை மீட்கும் பணி, நடைபெற்றால் காவலரின் நினைவக இடம் பறிபோகுமா? கடைசி வினாவுக்காகவே, காவல் வைத்துவிட்டு உடனே குப்பை சேகரிப்பைக் கட்டாயமாக அழைக்கும் சோதனைகள் ஸ்பைடர்மங்கியில் எழுதப்பட்டன. இயல்பான பக்கத்தில் எப்போதோ ஒரு முறை நிகழக்கூடிய தற்செயலை, ஒவ்வொரு முறையும் நிகழுமாறு செய்வதே நல்ல சோதனையின் இலக்கணம். விடுவிக்கப்பட்ட நினைவகத்தைப் பொறி மீண்டும் தொட்டால் உலாவி நின்றுவிடும் என்பதோடு தீங்கு முடிவதில்லை. தீயோர் உட்புகுவதற்கும் அது வாயிலாகும்.

மனிதர் எழுதும் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. எதிர்பாராததை மனிதரால் எதிர்பார்த்து எழுத முடியாது. இக்குறையை நிறைக்க, ஜெசி ரூடர்மன் 'ஜேஎஸ்ஃபன்ஃபஸ்' என்னும் கருவியை 2007ஆம் ஆண்டில் பொதுவில் வெளியிட்டார். மொழியின் இலக்கணத்தைப் பின்பற்றி, ஆனால் பொருளற்ற நிரல்களைக் கண்டபடி உருவாக்கி, அவற்றைப் பொறிக்குள் செலுத்திப் பார்க்கும் கருவி அது. எந்த மனிதரும் எழுத எண்ணாத சேர்க்கைகள் அதிலிருந்து பிறந்தன. ஸ்பைடர்மங்கியில் நூற்றுக்கணக்கான வழுக்கள் இவ்வகையில் வெளிப்பட்டன.

3. வேகம் கேட்ட விலை

2008ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் கூகுள் நிறுவனம் குரோம் உலாவியையும் அதன் வி8 இயக்குபொறியையும் வெளியிட்டது. 2009ஆம் ஆண்டு ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸ் 3.5, ட்ரேஸ்மங்கி என்னும் உடனடித் தொகுப்பியைக் கொண்டிருந்தது. உலாவிகளுக்கிடையே வேகப்போட்டி மூண்டது.

அவ்வேகத்தின் உத்தியைச் சற்று விளக்க வேண்டும். ஒரு பொருளில் 'மதிப்பெண்' என்னும் பண்பு எங்குள்ளது என்று ஒவ்வொரு முறையும் தேடினால் காலம் வீணாகும். ஆகவே, ஒரே அமைப்புடைய பொருள்களைப் பொறி மறைவாக ஒரே வகுப்பில் சேர்த்துவிடும். 'இவ்வகுப்புப் பொருள்களில் மதிப்பெண் மூன்றாம் இடத்தில் உள்ளது' என்று ஒரு முறை குறித்துக்கொண்டால், அடுத்த முறை தேடாமல் அவ்விடத்திலேயே நேரடியாக எழுதலாம். இக்கருத்து 1980களில் ஸ்மால்டாக், செல்ஃப் ஆகிய மொழிகளின் ஆய்வில் தோன்றியது.

நேரடியாக எழுதும் இந்தக் குறுக்குவழியில் காவலரின் நிலை என்ன? வாயிலில் காவலர் நிற்கின்றார். பொறியோ சுவரில் திறந்த மறுவழியாக உள்ளே சென்றுவிடுகின்றது. இதைக் கண்டுபிடிக்கச் சோதனையின் வடிவமே மாற வேண்டியதாயிற்று. ஒரு முறை எழுதிப் பார்ப்பது போதாது. ஒரு சுழலைப் பல்லாயிரம் முறை ஓடவிட்டு, பொறி அதனை விரைவு நிரலாகத் தொகுத்த பிறகு, இடையில் காவலை வைத்து, அடுத்த எழுத்துக்குக் குரல் வருகின்றதா என்று பார்க்க வேண்டும். காவல் வைத்தபின் சுழலைத் தொடங்கினால் ஒரு விடையும், சுழலுக்கு நடுவே காவல் வைத்தால் வேறொரு விடையும் கிடைக்குமானால் அந்தப் பொறி பழுதுடையது.

பிழையின்றிக் காவல் காக்க முடியும். ஆனால் அதற்கு விலை உண்டு. ஒன்று, விரைவுவழி ஒவ்வொன்றிலும் 'இங்கே காவல் உண்டா?' என்று கேட்க வேண்டும். அல்லது, காவல் உள்ள பொருளுக்கு விரைவுவழியையே மூட வேண்டும். 'வாட்ச்' வழுநீக்கத்திற்கு உரியது என்றும், வேகத்தைக் கடுமையாகக் குறைக்கும் என்றும், குறிப்பாகப் பக்கம் முழுமைக்கும் உரிய பெரும்பொருளில் அதனைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் மோசில்லாவின் ஆவணங்களே எச்சரித்தன.

4. இரண்டாம் காவல்

இத்தனை இடர்ப்பாடு இருந்தும் தேவை மறையவில்லை, பெருகியது. 2010க்குப் பின் பெரிய செயலிகள் உலாவிக்குள் வந்தன. ஆங்குலர் போன்ற சட்டகங்கள், முன்னர்க் குறிப்பிட்ட இரண்டாம் வழியை, அதாவது மீண்டும் மீண்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைக் கையாண்டன. கண்காணிக்க வேண்டியவை பெருகப் பெருக உழைப்பும் பெருகியது.

இதற்குத் தீர்வாகக் கூகுளைச் சேர்ந்த ரஃபேல் வைன்ஸ்டைன், எரிக் அர்விட்சன், ஆடம் கிளைன் ஆகியோர் 'ஆப்ஜெக்ட்.அப்சர்வ்' என்னும் முன்மொழிவை உருவாக்கினர். 'வாட்ச்' வசதியினின்று அது இரண்டு வகைகளில் வேறுபட்டது. முதலாவது, ஒரு பண்பை அன்றி முழுப் பொருளையும் கண்காணித்தது. சேர்த்தல், மாற்றுதல், நீக்குதல் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனிப் பதிவாக எழுதியது. இரண்டாவது, மாற்றம் நிகழும் அக்கணத்தில் குரல் கொடுக்கவில்லை. நடந்துகொண்டிருக்கும் நிரல் ஓய்ந்த பிறகு, சேர்ந்த பதிவுகளை மொத்தமாக ஒப்படைத்தது.

இரண்டாவது வேறுபாட்டில் ஒரு முதிர்ச்சி உண்டு. உடனடியாகக் குறுக்கிடும் காவலர், பாதி முடிந்த வேலையின் நடுவே புகுந்து வேறு மாற்றங்களைச் செய்துவிடலாம். பிறகு வருபவருக்கோ குறிப்பேடு மட்டுமே உண்டு. நடந்ததைத் தடுக்கவோ திருத்தவோ அவரால் இயலாது. வாயிற்காவலரைப் பதிவெழுத்தராக மாற்றினார்கள் எனலாம்.

சோதனையும் அதற்கேற்ப மாறியது. குறிப்பு பின்னர் வருமாயின், சோதனை எதுவரை காத்திருப்பது? சேர்ந்திருக்கும் பதிவுகளை இப்போதே ஒப்படை என்று கட்டளையிடும் துணை வசதி ஒன்று முன்மொழிவிலேயே இருந்தது. வி8 பொறியின் சோதனைக் கோப்புகள் அதனைப் பயன்படுத்தி, பதிவுகளின் எண்ணிக்கை, வரிசை, வகை, பழைய மதிப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தன. இருந்த மதிப்பையே மீண்டும் எழுதினால் பதிவு வரக்கூடாது. 'எண் அல்ல' என்னும் சிறப்பு மதிப்பு, ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான ஒப்பீட்டில் தனக்குத் தானே சமமாகாது. ஆயினும் அதனை மீண்டும் எழுதினால் மாற்றமாகக் கருதக்கூடாது. மாறாக, 0 என்பதும் எதிர்க்குறியுடைய 0 என்பதும் வழக்கமான ஒப்பீட்டில் சமம். ஆயினும் ஒன்று மற்றொன்றாக மாறினால் பதிவு வரவேண்டும். 'மாற்றம்' என்னும் எளிய சொல்லுக்குள் இத்தனை நுட்பம் உள்ளது.

2014ஆம் ஆண்டு ஜூலையில் குரோம் 36 இவ்வசதியை அனைவருக்கும் திறந்துவிட்டது.

5. திரும்பப் பெற்ற நாள்

2015ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஆடம் கிளைன் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். மொழியின் தரநிலைக் குழுவில் இரண்டாம் நிலையில் இருந்த அம்முன்மொழிவைத் திரும்பப் பெறுவதாகவும், வி8 பொறியிலிருந்து அதனை நீக்கவிருப்பதாகவும் அதில் தெரிவித்தார். குரோம் உலாவியில் பார்க்கப்பட்ட பக்கங்களில் 0.0169 சதவீதத்தில் மட்டுமே அவ்வசதி பயன்பட்டது என்பதும் அதில் இருந்தது. அஃதாவது, ஏறத்தாழ 6,000 பக்கப் பார்வைகளுக்கு ஒன்று.

வசதி பழுதானதால் அது நீக்கப்படவில்லை என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். சோதனைகள் தேர்ச்சி பெற்றுக்கொண்டுதான் இருந்தன. மாறியது சூழல். 2013ஆம் ஆண்டில் வெளியான ரியாக்ட், தரவைக் கண்காணிப்பதற்கு மாறாக, திரையின் புதிய வடிவத்தைக் கணக்கிட்டுப் பழைய வடிவத்துடன் ஒப்பிடும் வழியைப் பரப்பியது. கூகுளின் பாலிமர் நூலகமே 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 1.0 பதிப்பில் 'அப்சர்வ்' வசதியைச் சாராமல் நின்றது. யாருக்காக வாயில் கட்டப்பட்டதோ அவர்கள் வேறு தெருவழியே சென்றுவிட்டனர்.

2016ஆம் ஆண்டு வந்த குரோம் 50 பதிப்பில் 'ஆப்ஜெக்ட்.அப்சர்வ்' இல்லை. முதற்காவலாகிய 'வாட்ச்' வசதியும் 2018ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 58 பதிப்பில் நீக்கப்பட்டது. தரநிலையில் இடம்பெறாத ஒரு வசதி இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. தரநிலையை நோக்கி முறையாக நடந்த வசதியோ இரண்டு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை.

6. நிலைத்த வழி

நிலைத்து நின்றது 'ப்ராக்ஸி' என்னும் மூன்றாம் முயற்சி. டாம் வான் கட்செமும் மார்க் மில்லரும் 2010ஆம் ஆண்டில் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்ட அக்கருத்து, 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்துத் தரநிலையில் இடம்பெற்றது.

ப்ராக்ஸி, இருக்கும் பொருளுக்குக் காவல் வைப்பதில்லை. அப்பொருளுக்கு முன் ஒரு பதிலாளைப் புதிதாக நிறுத்துகின்றது. பதிலாளின் வழியே வரும் படித்தல், எழுதுதல், அழித்தல் முதலிய பதின்மூன்று வகைச் செயல்களை இடைமறிக்கலாம். மூலப்பொருளை நேரடியாக அறிந்தவர் அதனை நேரடியாகவே மாற்றலாம்; பதிலாளுக்கு அது தெரியவராது. இது குறைபாடு போலத் தோன்றும். ஆனால் இங்கேதான் நீதி உள்ளது: பதிலாளைக் கேட்டவர் மட்டுமே அதன் விலையைக் கொடுக்கின்றார். கேட்காதவரின் பொருள்கள் தம் விரைவுவழியில் தடையின்றிச் செல்கின்றன.

பதிலாளுக்கும் கட்டுப்பாடு உண்டு. மாற்றவே முடியாதவாறு உறுதி செய்யப்பட்ட பண்பு ஒன்றின் மதிப்பைப் பதிலாள் மாற்றிச் சொன்னால், பொறி அதனை ஏற்காமல் பிழை எழுப்பும். இவ்விதிகளை எல்லாப் பொறிகளும் ஒரே வகையில் பின்பற்றுகின்றனவா என்பதை டெஸ்ட்262 என்னும் பொதுத் தொகுப்பு சோதிக்கின்றது. மைக்ரோசாஃப்டும் கூகுளும் தனித்தனியே 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனைத் தொகுப்புகளை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தது அது. ஒரு நிறுவனத்தின் கோப்புறையில் இருந்த தேர்வுத்தாள், அனைவருக்கும் பொதுவான தேர்வுத்தாளாக மாறியது. 'வாட்ச்' வசதிக்கு இந்தப் பேறு கிட்டவே இல்லை.

பயன்பாட்டிலும் இம்மாற்றம் தெரிந்தது. வியூ சட்டகத்தின் இரண்டாம் பதிப்பு, ஒவ்வொரு பண்புக்கும் தனித்தனி வாயில் அமைத்ததால், பின்னர்ப் புதிதாகச் சேரும் பண்பை அதனால் அறிய இயலவில்லை. 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு ப்ராக்ஸிக்கு மாறியதும் அத்தடை நீங்கியது. பழைய 'வாட்ச்' வசதியின் வழுநீக்கப் பணியும் வீணாகவில்லை. 2020ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த ஃபயர்பாக்ஸ் 72, பண்பு படிக்கப்படும்போதோ எழுதப்படும்போதோ நிரலை நிறுத்தும் வசதியை அதன் வழுநீக்கியில் சேர்த்தது. மொழிக்குள் இருந்த காவலர், தாம் முதலில் இருந்திருக்க வேண்டிய கருவிப்பெட்டிக்குத் திரும்பினார்.

7. நாம் கற்பது

தேவை இன்னும் ஓயவில்லை. 'சிக்னல்' என்னும் பெயரில் மற்றொரு முன்மொழிவு 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் தரநிலைக் குழுவின் முதல் நிலையை எட்டியது. அதன் முடிவை முன்கூட்டிச் சொல்வது வரலாற்றாசிரியன் வேலை அன்று.

ஆயினும் இக்கதையிலிருந்து மாணவர்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வசதியைச் சோதிக்கும்போது, 'வேலை செய்கின்றதா?' என்ற வினாவோடு நாம் நின்றுவிடுகின்றோம். ஸ்பைடர்மங்கியிலும் வி8 பொறியிலும் உழைத்தவர்கள் மேலும் இரு வினாக்களைக் கேட்க நேர்ந்தது. பொறி வேகமாக ஓடும்போதும் அதே விடையைத் தருகின்றதா? இவ்வசதியைக் கேட்காத கோடிக்கணக்கானோர் இதற்காக எதை இழக்கின்றனர்? முதல் வினாவுக்கு மட்டும் விடை தந்த வசதிகள் மறைந்தன. மூன்றுக்கும் விடை தந்த வசதி நிலைத்தது.

இன்னொன்றும் உண்டு. 6,000 பக்கப் பார்வைகளில் ஒன்று என்பது சிறிய எண்தான். ஆனால் அப்பக்கத்தை உருவாக்கியவர் தம் செயலியை அதன்மீது கட்டியிருந்தார். அதனைப் பிரித்துக் கட்ட வேண்டிய சுமை அவருக்கே வந்தது. ஆகவே, தரநிலையாகாத வசதியின்மீது வீடு கட்டுமுன் இருமுறை எண்ணுங்கள். கட்டத்தான் வேண்டும் என்றால், அவ்வசதியை நேரடியாக அழைக்கும் இடங்களை ஒரே கோப்பில் ஒதுக்கி, அதற்கெனச் சோதனைகளையும் எழுதி வையுங்கள். வசதி மறையும் நாளில், எதை மாற்றிக் கட்ட வேண்டும் என்பதை அச்சோதனைகளே உங்களுக்குச் சொல்லும்.